சிவப்பைத் திருப்பிக் கொடுக்கும் வேலை

ஆட்களின் இரத்தத்தை எடுத்து, அதில் மஞ்சளை மட்டும் வைத்துக்கொண்டு, சிவப்பைத் திருப்பி அவர்களுக்கே ஏற்றிவிடுவதுதான் எங்கள் தொழில்.

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், தொங்கு ரயில் யன்னலை உரசுவதுபோலப் போகும் தெருவொன்றில், முதலாம் மாடியில் எங்கள் பிளாஸ்மா நிலையம் இருக்கிறது. இரத்த வங்கி இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. கம்பனி. வரிசையாகச் சாய்கதிரைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மெஷின். ஆட்கள் ஃபோனிலேயே டெர்மின், அதாவது வரவேண்டிய நேரம், பதிந்துகொண்டு வருவார்கள். கேள்விப் பத்திரம் நிரப்பி, நிறை பார்த்து, விரலில் குத்தி, பிரஷர் பார்த்து, முதல்தரம் வருகிறவர் என்றால் டொக்டரிடமும் காட்டி, அதற்குப் பிறகுதான் கதிரையில் ஏறலாம். முக்கால் மணித்தியாலம் மெஷின் இரத்தத்தை இழுக்கும், சுழற்றும், சிவப்பைத் திருப்பி அனுப்பும். போத்தலில் நல்லெண்ணெயில் தண்ணீர் கலந்தது போன்ற நிறத்தில் பிளாஸ்மா நிறையும். போகும்போது அவர்களுடைய நேரத்துக்கும் பயணத்துக்கும் என்று சட்டம் அனுமதித்த ஒரு தொகை கிடைக்கும். போத்தல் நிலவறையில் உறைந்து, லொறியில் ஏறி, தொழிற்சாலைக்குப் போய், யாருக்கோ மருந்தாக வரும்.

எழுதும்போது எல்லாம் நேராகத்தான் இருக்கிறது. உள்ளே நின்றால்தான் தெரியும். ஊசி பிடிக்கிறவர்களே, கவுண்டரில் நிற்கிறவர்களே, எதிரில் இருப்பவரின் முகம் வெளிறுகிறதா என்று பார்த்துப் பார்த்தே தன் முகம் வெளிறிப் போனவர்களே, இதெல்லாம் உங்களுக்குப் புதிதில்லை. ஆட்களின் பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொல்கிற ஒன்றிரண்டும் நான் வைத்தவை. அவர்கள் ஜேர்மனில் சொன்னதை என்னுடைய யாழ்ப்பாணத் தமிழில் சொல்கிறேன்.

ஈர்க்குத் தடிப்பில் ஓர் ஊசி

இங்கே வருமுன் குடும்ப டொக்டர் ஒருவரிடம் பன்னிரண்டு வருஷம் உதவியாளராக இருந்தேன். அவர் ஓய்வெடுத்துக் கதவைப் பூட்டியதும் இந்தக் கம்பனிக்கு விண்ணப்பம் போட்டேன். இரத்தம் எடுப்பதில் எனக்கு என்ன புதிது இருக்கப்போகிறது என்ற ஒரு திமிர் இருந்தது. முதல் நாள் அந்த ஊசியை உறையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். ஈர்க்குத் தடிப்பு. திமிர் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

மூன்று கிழமை, பதினைந்து வேலைநாள், பெற்றா குத்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றா என்னோடு வேலை செய்கிறவள், என் வயதுக்காரி, டிரெஸ்டனில் பிறந்தவள். நாலாவது கிழமை திங்கட்கிழமை, “இண்டைக்கு நீ குத்து” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கதிரையில் கூரை வேலை செய்கிற ஒருவர். கழுத்துவரை பச்சை குத்தியிருந்தார். கை என் துடையளவு. நரம்பு கப்பல் கயிறு மாதிரிக் கிடந்தது. கண் தெரியாதவர்கூடக் குத்தலாம். பட்டியைக் கட்டினேன், தோலைத் துடைத்தேன், திரும்பவும் துடைத்தேன். மூன்றாம்தரம் துடைக்கப் போக, பெற்றா தொண்டையைச் செருமினாள்.

அப்போதுதான் பார்த்தேன், அந்த மனிதருடைய பூட்ஸ் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. கிழமைக்கு ஒருதரம் வருகிறவராம், ஒவ்வொருதரமும் பயமாம். ஊசியைக் கிட்டக் கொண்டுபோகும்போது என்னையறியாமல் ஒரு கணம் கண்ணை மூடிவிட்டேன். அவர் அதைக் கண்டுவிட்டார். என் மணிக்கட்டை மெல்லத் தொட்டுச் சொன்னார்: “ஒராள் கண்ணை மூடினால் போதும். அது நான். நீங்கள் திறந்து வைச்சிருங்கோ.”

ஐம்பது கிலோ

ஐம்பது கிலோவுக்குக் கீழே உள்ளவரிடம் பிளாஸ்மா எடுக்கக்கூடாது. அந்த உடம்பு தாங்காது. அதனால் ஒவ்வொருதரமும் தராசில் ஏற்றித்தான் உள்ளே விடுவோம். ஒரு மாணவி வந்துகொண்டிருந்தாள். சிரித்த முகம், தரையைக் கூட்டுவதுபோல அகலமான காற்சட்டை. என் தராசில் ஐம்பதும் முக்காலும் காட்டினாள். இரண்டுதரம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம்தரம், போத்தல் பாதி நிறைந்திருக்கும்போது, அந்த முகம் சாம்பல் நிறத்துக்குப் போனது. மேலுதட்டில் வியர்வை. “என்ன செய்யுது?” என்று கேட்டேன். “ஒண்டுமில்லை” என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் மேலே செருகியது. மெஷினை நிறுத்தினேன், டொக்டரைக் கூப்பிட்டேன், கதிரையைச் சரித்து அவளுடைய கால்களைத் தூக்கப் பார்த்தேன். லேசில் எழும்பவில்லை. ஒரு மெலிந்த பிள்ளையின் கால் இவ்வளவு பாரமா? காற்சட்டையை மேலே இழுத்தால், இரண்டு கணுக்காலிலும் ஓடுகிறவர்கள் கட்டும் மணல் பட்டிகள். இரண்டையும் கழற்றிக் கீழே போட்டேன். டொக்டர் வந்து சேர்ந்த அந்த அரை நிமிஷத்துக்குள், இந்தப் பிள்ளையின் தாய் எங்கேயோ ஒரு சமையலறையில் ஒன்றும் தெரியாமல் நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பிள்ளை கண் திறந்தாள். கோலா குடித்தாள். நிறம் திரும்பியது. பட்டி இல்லாமல் நாற்பத்தேழு கிலோ. இனி இங்கே வர ஏலாது என்று டொக்டர் அவளுடைய பெயருக்கு எதிரே பதிந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவளைவிட எனக்குத்தான் அந்தக் கதிரை தேவைப்பட்டது. மூன்றுதரம் எப்படி என் கண்ணுக்குத் தப்பியது என்று அவளிடமே கேட்டேன். அவள் கோலாவை வைத்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னாள்: “நீங்கள் எப்பவும் ஆக்களின்ர முகத்தைத்தான் பாக்கிறனீங்கள். அதுதான் உங்கட தராசுக்கு வந்தனான்.”

பந்து

இரத்தம் குழாயில் உறையாமல் இருக்க மெஷின் ஒரு மருந்தைக் கலக்கும். அதில் கொஞ்சம் உடம்புக்குள்ளும் திரும்பிப் போகும். சிலருக்கு உதடு விறைக்கும், விரல் கூசும். சொன்னால் வேகத்தைக் குறைத்து, கரைத்த கல்சியம் குடிக்கக் கொடுப்போம். சொல்லாவிட்டால் எங்கள் பாடு அதோகதி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மனிதரிடம் மூன்றுதரம் கேட்டேன். “உதடு விறைக்குதா?” இல்லை. “விரல்?” இல்லை. “ஏதாவது?” இல்லை. நாலாம்தரம் அவரைத் தாண்டும்போது, கையில் பிடித்து அமத்தக் கொடுக்கும் மெத்துப் பந்தை அவர் அமத்தாமல் இறுக்கிப் பிடித்தபடியே இருப்பதைக் கண்டேன். விட முடியவில்லை. விரல்கள் கொக்கி மாதிரி மடிந்து பூட்டிக்கொண்டிருந்தன.

மெஷினை நிறுத்திக் கல்சியத்தைக் குடிக்கவைத்து, அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரியும்வரை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. பயம் தெளியும்போது எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். மூன்றுதரம் கேட்டும் ஏன் சொல்லவில்லை என்று ஏசினேன். அவர் விரலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “முப்பது வருஷம் பஸ் ஓடினனான் பிள்ளை. இடைவழியில நிப்பாட்டினால் சனம் ஏசும்.”

கோயில் தேங்காய்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கொம்பியூட்டரில் அடுத்த பெயரைப் பார்த்ததும் எனக்கு முதுகு கூசியது. எங்கள் கோயில் நிர்வாகத்தில் இருக்கிற அண்ணை. திருவிழாவில் தேங்காய் உடைப்பவர்களை ஒழுங்குபடுத்துவதே அவர்தான். தலையை நிமிர்த்தினால், அவரும் என்னைக் கண்டு கதவடியில் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கேள்விப் பத்திரத்தில் வியாதி, மருந்து, பச்சை குத்தல், படுக்கையறைச் சங்கதி என்று எல்லாம் இருக்கும். ஒன்றும் விடுபடவில்லை என்று சரிபார்ப்பது நான். இவ்வளவு காலம் விபூதித் தட்டோடு மட்டும் கண்ட மனிதர். நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பெற்றாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அன்று குத்த வேண்டியது நான்தான். மெஷின் சுற்றத் தொடங்கியதும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கதைத்தார். “தங்கச்சி, ஃபக்ரறியில என்னை வேலையால நிப்பாட்டி மூண்டு மாசமாகுது. வீட்டில இன்னும் சொல்லேல்ல. காலமை சாப்பாட்டுப் பெட்டியோட வெளிக்கிடுறன். நூலகத்தில இருப்பன். இல்லாட்டி இஞ்ச வருவன்.” வேலை செய்கிற இடத்தில் கேட்டதை வெளியே சொன்னால் சட்டப்படி குற்றம் என்றேன். அது ஆறுதலா மிரட்டலா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதே எனக்கு அந்தரமாகிவிட்டது. அவருடைய மனைவியை, அந்த அக்காவை, தூரத்தில் கண்டாலே நான் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவேன்.

ஒருநாள் செருப்படியிலேயே பிடிபட்டுவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இவருக்கு முழங்கை மடிப்பில ஒரு காயம். கேட்டால் தேங்காய் தெறிச்சதாம். தேங்காய் ஒவ்வொரு கிழமையும் அதே இடத்தில தெறிக்குது” என்றார். நான் மற்றக் கையால் செருப்பைத் துழாவினேன். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நீங்கள் எங்க வேலை செய்யிறீங்கள் எண்டும் தெரியும், ஃபக்ரறியில என்ன நடந்தது எண்டும் தெரியும். எனக்குத் தெரியும் எண்டது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.”

அன்றிலிருந்து நான் இரண்டு பேருடைய இரகசியத்தைக் காவித் திரிந்தேன். இரண்டும் ஒரே இரகசியம். அண்ணைக்கு ஒரு பாடசாலையில் பராமரிப்பு வேலை கிடைத்து, ‘ஃபக்ரறியை நானே விட்டிட்டன்’ என்று வீட்டில் அறிவித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அக்கா எனக்குப் பிரசாதம் கொஞ்சம் கூட வைத்துத் தந்து காதில் சொன்னார்: “நான் நல்லா ஆச்சரியப்பட்டனான் தங்கச்சி. ரெண்டு நாள் கண்ணாடிக்கு முன்னால பழகினது.”

பாடமாக்கியது

வந்தவர் அவர்தானா என்பதை உறுதிப்படுத்துவது எங்கள் முதல் வேலை. படம், பிறந்த திகதி, விலாசம், கையெழுத்து. ஒரு இளைஞன் வழக்கமாக வருவான். அன்றைக்கும் வந்தான். படத்தில் உள்ள அதே முகம், அதே தாடி. பிறந்த திகதியைக் கேட்டு முடிக்குமுன் சொன்னான். கையெழுத்து அச்சு அசல். கதிரையில் ஏற்றி, பட்டி கட்டி, தோலைத் துடைத்து, ஊசியை உறையிலிருந்து எடுத்தும்விட்டேன்.

அடிக்கடி கொடுக்கிறவர்களுக்கு முழங்கை மடிப்பில் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். சோறு வடிக்கும்போது சூடு பட்ட தழும்பு மாதிரி, வாழ்நாளுக்கும் போகாது. இவனுடைய வலக்கையில் குழி இல்லை. சரி, இடக்கையாக இருக்கும் என்று அதைத் திருப்பினேன். அதிலும் இல்லை. இரண்டு கையும் புதுக் கடதாசி மாதிரி இருந்தன. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, “உங்கட கைக் காயம் எங்க போச்சுது?” என்று கேட்டேன். அவன் முகத்தில் இரத்தம் வற்றியது.

வழக்கமாக வருகிறவன் அண்ணன், இவன் தம்பி. அண்ணனுக்குக் காய்ச்சல். அந்த மாதம் இன்னும் ஒருதரம் வந்தால் அவனுக்கு ஒரு போனஸ் கிடைக்கும். அதை விட மனமில்லாமல் தம்பியை அனுப்பியிருக்கிறான். தம்பியை இதுவரை எந்த டொக்டரும் பார்த்ததில்லை, அவனுடைய இரத்தத்தை எந்தப் பரிசோதனைக்கூடமும் பார்த்ததில்லை. நான் குத்தியிருந்தால் அவனுடைய பிளாஸ்மா அண்ணனுடைய பெயரில் போயிருக்கும். இரண்டு பேருக்கும் கதவு நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. தம்பி ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொன்னான்: “அவன்ர பிறந்தநாள், விலாசம், கையெழுத்து எல்லாத்தையும் பாடமாக்கினன். கையைப் பாடமாக்க மறந்துபோனன்.”

ஃபோனில் சொல்லக்கூடாதது

முதல்தரம் எடுத்த பிளாஸ்மாவை நாங்கள் உடனே அனுப்பமாட்டோம். ஆள் இரண்டாம்தரமும் வந்து, இரண்டு பரிசோதனையும் நல்லதென்று வரும்வரை அது காத்திருக்கும். பேக்கரியில் வேலை செய்கிற ஒரு பெண், ஐம்பது வயதுக்காரி, முதல்தரம் வந்து போனார். அடுத்த கிழமை பரிசோதனைக்கூடத்திலிருந்து தாள் வந்தது. ஈரலைத் தாக்குகிற ஒரு கிருமி. டொக்டர் தாளை மடித்து வைத்துவிட்டு, “வாணி, இவவுக்கு ஃபோன் எடுத்து ஒரு டெர்மின் குடுங்கோ. என்னத்துக்கு எண்டு ஃபோனில சொல்லக்கூடாது” என்றார்.

இந்தத் தொழிலில் என்னை ஏதாவது நித்திரையில் எழுப்புகிறதென்றால் இந்த ஃபோன்தான். எண்ணை அழுத்தினால் மறுபக்கத்தில் பாண் வெட்டும் மெஷின் சத்தம். “டொக்டர் உங்களோட கதைக்க வேணுமாம்” என்றேன். “என்னத்தைப் பற்றி?” என்றார். “அவ நேரில சொல்லுவா.” வெட்டும் சத்தம் நின்றது. “அப்ப நல்ல விஷயமில்லை” என்றார். நான் ஓம் சொல்லவும் ஏலாது, இல்லை சொல்லவும் ஏலாது. “நாளைக்குப் பத்து மணி வசதியா?” என்று மட்டும் கேட்டேன். என் குரல் ஒரு மெஷினுடைய குரல் மாதிரி எனக்கே கேட்டது.

மறுநாள் பத்துக்கு வந்தார். நல்ல உடுப்பு உடுத்தி, தலையும் செய்துகொண்டு வந்திருந்தார். கெட்ட செய்தி கேட்கப் போகிறவர்கள் ஏன் அழகாக வெளிக்கிட்டு வருகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டொக்டருடைய கதவு மூடிக்கொண்டது. நான் கடதாசித் துவாயும் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலம். ஒரு கதிரையில் மெஷின் கத்தியபோது எனக்கு எந்த மெஷின் என்றே தெரியவில்லை, பெற்றாதான் ஓடினாள்.

கதவு திறந்தது. அழவில்லை. இப்போது குளிசையாலேயே சுகப்படுத்தலாமாம், கன வருஷமாக உடம்பில் இருந்திருக்கலாமாம் என்று டொக்டர் சொன்னதை எனக்கு ஒப்புவித்தார். தண்ணீரைக் குடித்தார். கையிலிருந்த தாளை விரித்து, திரும்ப மடித்து, கைப்பைக்குள் கவனமாக வைத்துவிட்டுச் சொன்னார்: “எப்ப பார்த்தாலும் களைப்பு. பதினைஞ்சு வருஷமா என்ர மனுசன் என்னைச் சோம்பேறி எண்டவர். இண்டைக்கு இதைக் கொண்டுபோய் அவரின்ர சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில வைக்கப்போறன்.”

இரண்டு போத்தல்

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் அது நியாயமில்லை.

பனி கொட்டிய ஒரு நாள். எங்களில் இரண்டு பேர் சுகவீனம் என்று வரவில்லை. டெர்மின்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஏழாம் கதிரையும் எட்டாம் கதிரையும் ஒரே நேரத்தில் முடிந்து இரண்டு மெஷினும் ஒன்றாகக் கத்தின. போத்தலைக் கழற்றும்போதே, கதிரையடியிலேயே, அந்த ஆளுடைய லேபலை ஒட்டிவிட வேண்டும். அதுதான் எங்கள் வேதம். நான் இரண்டு போத்தலையும் கழற்றி மேசையில் வைத்தேன். ஒன்பதாம் கதிரையில் ஒருவர் தலை சுற்றுகிறது என்று கூப்பிட்டார். ஓடினேன். அவருடைய காலை உயர்த்திவிட்டு வந்து, இரண்டு லேபலையும் ஒட்டினேன். நிலவறைக்குக் கொண்டுபோகும் பெட்டியில் வைக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: இடப்பக்கம் வைத்தது ஏழா, எட்டா?

ஏழு என்றுதான் நினைத்தேன். ஏறக்குறைய நிச்சயமாக ஏழு. யாரும் காணவில்லை. பரிசோதனைக் குழாய்கள் சரியாகத்தான் இருந்தன, மாறியிருந்தால் போத்தல்தான் மாறியிருக்கும். அந்த இரண்டு பேரும் நெடுங்கால வாடிக்கையாளர்கள், ஒரு நோயும் இல்லாதவர்கள். எதுவும் நடக்காது என்று மனம் சொன்னது. நிலவறையில், உறைநிலைப் பெட்டி உறுமிக்கொண்டிருக்க, இரண்டு போத்தலையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கழற்றியதால் இரண்டும் இளஞ்சூடாக இருந்தன. பெற்றா படியில் நின்று “வாணி, என்ன, உறைஞ்சுபோனியா?” என்று கூப்பிட்டாள்.

மேலே போய்ச் சொன்னேன். நிலையப் பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஏழு எண்டு உமக்கு நிச்சயமோ?” என்று கேட்டார். ஏறக்குறைய என்றேன். “ஏறக்குறைய எண்டு எழுதுறதுக்கு இந்தப் பத்திரத்தில இடமில்லை” என்றார். இரண்டு போத்தலும் அழிக்கப்பட்டன. இரண்டு பேர் வேலைநாளில் பனிக்குள்ளால் வந்து, கையை நீட்டிக்கொண்டு இருந்து கொடுத்தது. என்மேல் அறிக்கை எழுதப்பட்டது. ஒரு மாதம் நான் ஒட்டிய ஒவ்வொரு லேபலையும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தார். அது பெற்றா. அவளுக்கு முன்னால் ஒட்டும்போது ஒவ்வொருதரமும் முகம் சுட்டது.

ஆனால் அவள் ஒரு பகிடியும் விடவில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடைசி நாள் கடைசி லேபலில் கையெழுத்து வைத்துவிட்டு, பேனையை மூடாமல் நின்றாள். “நீ பேசாமல் இருந்திருக்கலாம்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்: “நீ போய்ச் சொன்ன நாளில இருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் இந்த வேலையில இவ்வளவு காலமும் எத்தினைதரம் ‘ஏறக்குறைய’ எண்டு ஒட்டினன் எண்டு எண்ணிக்கொண்டிருக்கிறன்.”

பார்க்க வந்தவர்

போன குளிர்காலம் ஒரு பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பளித் தொப்பி, முகக்கவசம், கையுறை. பதிவுப் பத்திரத்தில் ‘பாவிக்கும் மருந்து’ என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தார். அது எங்களைப் போன்ற நிலையங்களில் எடுக்கும் பிளாஸ்மாவிலிருந்து செய்கிற மருந்து. உடம்பில் பிறப்பிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குக் கொடுப்பது. நான் தயங்கித் தயங்கி, உங்களிடம் நாங்கள் எடுக்க முடியாதே என்றேன். “தெரியும்” என்றார். ஒவ்வொரு கிழமையும் வீட்டில் தானே வயிற்றுத் தோலுக்குள் ஏற்றிக்கொள்வாராம். அது இல்லாவிட்டால் ஒரு தடிமன் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். “எங்க இருந்து வருது எண்டு ஒருக்கா பாக்க வேணும்போல இருந்தது. பத்திரம் நிரப்பாமல் உள்ள விடமாட்டீங்கள் எண்டு நினைச்சன்.”

அவருக்குப் பின்னால் காத்திருப்போர் வரிசையில் மூன்று பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதகளிப்புத் தொடங்கிவிட்டது. யன்னலைத் திறந்தேன். அவரைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே நடைகூடத்தில் விட்டேன். அங்கே ஒரு கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் கதிரைகள். முகம் தெரியக்கூடாது என்று பாதிவரை பனி படர்ந்தது மாதிரி மறைத்திருப்பார்கள், ஆனால் எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். அவர் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் ஆட்கள் ஒருவரும் பார்வைக்கு நன்றாக இல்லை. ஒருவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் ஃபோனில் உதைபந்தாட்டம் பார்த்து நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண் பழைய சோபா ஒன்றின் விலைக்காக யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மூவருக்குப் பக்கத்தில் மூன்று போத்தல்கள் மெல்ல மெல்ல மஞ்சளாக ஏறிக்கொண்டிருந்தன.

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் யாராவது இருமிக்கொண்டு வருகிறார்களா என்று நடைகூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “இவையள்தானா? நான் இன்னும் கொஞ்சம் திறமான ஆக்களா இருக்கும் எண்டு நினைச்சனான்.”

இத்தனை வருஷமாகியும் காலையில் நிலையத்துக் கதவைத் திறக்கும்போது எனக்கு ஒருதரம் பயம் வரும். பயம் வராத நாள் வந்தால் அன்றைக்குச் சுகவீன லீவு எடுத்துக்கொள்வதுதான் கம்பனிக்கும் சனத்துக்கும் நல்லதென்று இருக்கிறேன்.